ஒன்பதாம் வகுப்பிலேயே ஐஐடி ஆசை: செட்டிநாட்டுப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் காரைக்குடியில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கோச்சிங்கில் போடலாம்?" என்பதுதான். இப்போது அந்தக் கேள்வி ஒன்பதாம் வகுப்புக்கே இறங்கி வந்துவிட்டது. முன்கூட்டியே தயாராக வேண்டும் என்ற எண்ணம் நல்லது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முன்கூட்டியே தயாராவது என்றால் முன்கூட்டியே கோச்சிங் ஃபீஸ் கட்டுவது என்று நினைத்துவிடுகிறோம். முதல் தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இங்கே பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் ஒன்றைத் தொடர்ந்து பார்க்கிறேன். பிளஸ் ஒன் இயற்பியலில் தடுமாறும் பிள்ளைக்குப் பெரும்பாலும் இயற்பியல் பிரச்சினையே இருப்பதில்லை. தனி ஊசலின் அலைவு நேரச் சூத்திரத்தைப் போர்டில் எழுதிவிட்டு, "நூலின் நீளத்தை நாலு மடங்காக்கினால் அலைவு நேரம் எத்தனை மடங்காகும்?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் "நாலு" என்பார்கள். நீளம் வர்க்கமூலத்துக்குள் இருக்கிறது, ஆகவே இரண்டு மடங்குதான். அதே சூத்திரத்திலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைப் பிரித்தெழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். வர்க்கமூலம், விகிதம், பின்னம், சமன்பாட்டை மாற்றி எழுதுவது எல்லாமே எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பாடம். அந்த வயதில் இதைக் கை பழகாமல் விட்டுவிட்டு, ஐஐடிக்கான ஜேஇஇ நுழைவுத்தேர்வுப் புத்தகத்தை ஒன்பதாம் வகுப்புப் பையன் கையில் கொடுப்பதால் ஒரு பலனும் இல்லை.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போன காலத்தில் நம் ஊர்ப் பையன்கள் முதலில் கடையில் எடுபிடி வேலை பழகும் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்தார்கள், அப்புறம் முதலாளுக்கு உதவியாக இருக்கும் அடுத்தாள் ஆனார்கள், கடைப் பொறுப்பு அதற்கும் பிறகுதான் வந்தது. படிப்பிலும் ஒன்பது, பத்து என்பது பெட்டியடிக் காலம். பள்ளிப் பாடத்தை முழுதாக, கேள்வி கேட்டுப் படிப்பதும் தினம் ஒரு மணி நேரம் யார் உதவியும் இல்லாமல் கணக்குப் போடுவதும் போதும். சனி, ஞாயிறு திருச்சிக்கும் மதுரைக்கும் பஸ் ஏற்றிவிடுகிறார்கள். ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் போகிறது. அந்த வயதுக்கு அந்த அலைச்சல் தேவையே இல்லை.

அடுத்தது ஆங்கிலம். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடுவது பெரிய அநியாயம். ஜேஇஇ மெயின், நீட், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் மூன்றையும் தமிழில் எழுதலாம். ஆனால் ஐஐடிக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். பிளஸ் டூ முடிக்கிறபோது இதைத் தெரிந்துகொண்டு பதறுவதில் பயனில்லை. தமிழ் வழியை விட்டுவிடச் சொல்லவில்லை. பாடத்தைத் தமிழில் புரிந்துகொண்ட கையோடு, அதே பாடத்தை என்சிஇஆர்டி ஆங்கிலப் புத்தகத்தில் ஒருமுறை வாசிக்கும் பழக்கத்தை ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினால் நான்கு வருஷத்தில் அந்த மொழி பழகிவிடும்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு குரூப் எடுப்பதில் நடக்கும் தவறுதான் என்னை அதிகம் வருத்துவது. "கணக்கு கஷ்டமாக இருக்கிறது" என்ற ஒரே காரணத்துக்காகக் கணிதத்தை விட்டுவிடுகிறார்கள். கணிதம் இல்லாவிட்டால் பொறியியல் இல்லை, கட்டடக்கலை இல்லை, சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகமும் இல்லை. பொருளாதாரத்திலும் பல நல்ல இடங்கள் கணிதம் கேட்கின்றன. மறுபக்கம், எல்லாப் பிள்ளைகளையும் பயாலஜி-மேத்ஸில் தள்ளுவதும் சரியில்லை. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வை எந்த குரூப் படித்தவரும் எழுதலாம். திருச்சியிலேயே ஒன்று இருக்கிறது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் இளநிலைப் படிப்புக்கும் குரூப் தடையில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் கண்டாங்கிச் சேலையும் பார்த்து வளரும் ஊர் இது. வரையும் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இப்படி ஒரு படிப்பு இருப்பதை யாராவது சொல்ல வேண்டாமா? அறிவியலை அறிவியலாகவே படிக்க விரும்பும் பிள்ளைக்கு ஐசர் என்ற இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அதற்குத் தனி நுழைவுத்தேர்வு. ஆகவே குரூப் எடுப்பதற்கு முன்னால், பிள்ளைக்குப் பிடித்த மூன்று நான்கு நிறுவனங்களின் தகுதி விதிகளை அவர்களின் இணையதளத்திலேயே படித்துவிடுங்கள். பக்கத்து வீட்டார் சொல்வதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு நேராகப் பிளஸ் டூ நடத்தும் பள்ளிகள் முன்பு நிறைய இருந்தன. அதை நிறுத்தத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு கிடையாது. பழைய பழக்கம் திரும்பிவிடுமோ என்று உண்மையிலேயே பயமாக இருக்கிறது. ஜேஇஇ, நீட் இரண்டுமே பிளஸ் ஒன் பாடத்தையும் முழுதாகக் கேட்பவை. உங்கள் பிள்ளையின் பள்ளியில் பிளஸ் ஒன் பாடத்தை முழுமையாக நடத்துகிறார்களா என்று வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள்.

போர்டு மார்க்கை அலட்சியப்படுத்துவதும் இதோடு சேர்ந்ததுதான். ஐஐடியில் சேர ரேங்க் மட்டும் போதாது. பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 65. இல்லாவிட்டால் அவரவர் போர்டில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் வர வேண்டும். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வோ முழுக்க பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் நடக்கிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்கு கட்ஆஃப். இந்தக் கலந்தாய்வைக் கடைசிப் புகலிடம் மாதிரி பேசுவது எனக்குப் பிடிக்காது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி உருவான சிக்ரி நம் ஊரில்தான் இருக்கிறது. அந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்குள்ளேயே நடக்கும் பி.டெக் படிப்புக்கு இதே கலந்தாய்வு வழியாகத்தான் இடம் கிடைக்கிறது. நம் பிள்ளைகளிலேயே பலருக்கு இது தெரியாது.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை ஒன்பதிலோ பிளஸ் ஒன்னிலோ தனியார் பள்ளிக்கு மாற்றும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அப்படிப் படித்தவர்கள் ஐஐடி போன்ற நிறுவனத்தில் சேர்ந்தால் இளநிலைப் படிப்புச் செலவை மாநில அரசே ஏற்கிறது. கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்து இந்த உரிமையை இழந்த குடும்பங்கள் உண்டு. இன்னொன்று, செட்டிநாட்டில் பெயர்பெற்ற பழைய பள்ளிகளில் பல அரசு உதவிபெறும் பள்ளிகள். 7.5 சதவீத ஒதுக்கீடு அவற்றுக்குப் பொருந்தாது.

சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் சொந்தக்காரர்கள் இருப்பதால் வெளிநாட்டுப் படிப்பும் இங்கே பேச்சில் வரும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருஷ மார்க்கையும் பார்ப்பவை. ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.

இனிஷியல் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் நம் பக்கத்தில் இது பெரும் தொல்லை. ராம., பழ., அரு. என்று இரண்டு மூன்று எழுத்தில் தலைப்பெழுத்து வைப்பது நம் வழக்கம். பள்ளிப் பதிவேட்டில் அது ஒரு மாதிரி, ஆதாரில் அப்பா பெயரை விரித்து இன்னொரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் குழந்தைக்கு வைத்த கூப்பிடு பெயர். தேர்வு விண்ணப்பத்தின்போது இது உட்கார்ந்து அழவைக்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பள்ளியிலிருந்து பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்பே தமிழிலும் ஆங்கிலத்திலும் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். அந்த மார்க் ஷீட்டில் அச்சாகும் பெயர்தான் கடைசிவரை கூட வரும்.

கடைசியாக, பெண் பிள்ளைகள். 2018 முதல் ஐஐடிகளில் பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. நம் வீடுகளில் நான்கு வருஷம் படிக்கவைத்துவிட்டு, கரக்பூரிலோ கவுகாத்தியிலோ சீட் வந்ததும் "அவ்வளவு தூரம் வேண்டாம்மா" என்கிறோம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே முடியாது. திருச்சி, சென்னை தாண்டி அனுப்புவோமா என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். அப்பத்தா, ஆயா, தாய்மாமா எல்லாரும் சம்மதிக்க வேண்டும் என்றால் அவர்களையும் கூட உட்காரவையுங்கள். வெளியூரில் படிக்கும் சொந்தக்காரப் பெண்ணோ பள்ளி சீனியரோ லீவுக்கு வரும்போது வீட்டுக்கு அழைத்து, ஹாஸ்டல், சாப்பாடு, ரயில் பயணம் பற்றியெல்லாம் அவர்கள் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.