புது மீன் தொட்டி: மீனுக்கு முன்னால் பாக்டீரியாவைக் குடியேற்றுங்கள்

தொட்டி வாங்கிய கையோடு மீனையும் வாங்கிவந்து விட்டுவிடுவோம். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், மீனும் துறுதுறுவென்று ஓடும். நாலாம் நாள் ஒன்று மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். மறுநாள் மிதக்கும். என் முதல் தொட்டியில் ஆறு கப்பி மீன்கள் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் போயின. இரையை மாற்றினேன், மருந்துகூட ஊற்றினேன். கடைசியில் தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அந்தப் பளிங்குத் தண்ணீர் முழுக்க அம்மோனியா.

மீனின் செவுள் வழியாக அம்மோனியா வெளியேறிக்கொண்டே இருக்கும். மிஞ்சிய இரை அழுகினாலும் அதுதான் வரும். ஒருவகை பாக்டீரியா இதைத் தின்று நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷமே, மீனின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். நைட்ரோஸ்பைரா போன்ற இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும், அவ்வப்போது தண்ணீர் மாற்றினால் போதும். சிக்கல் என்னவென்றால், இந்தப் பாக்டீரியாக்கள் மகா சோம்பேறிகள். மற்ற பல பாக்டீரியாக்கள் அரைமணியில் இரண்டாகப் பெருகும்போது, இவற்றுக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளே பிடிக்கும். அதனால்தான் மீன் விடுவதற்கு 4 முதல் 6 வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

படி 1: வீட்டைத் தயார் செய்தல்

பாக்டீரியா தண்ணீரில் மிதந்துகொண்டு வாழ்வது குறைவு. ஸ்பாஞ்ச், செராமிக் வளையம், சரளைக்கல் என எதையாவது பற்றிக்கொண்டுதான் வாழும். ஆகவே ஃபில்டர்தான் அதன் வீடு. அதை முதல் நாளிலிருந்தே இரவும் பகலும் ஓடவிடுங்கள். ஆக்ஸிஜன் இல்லாமல் பாக்டீரியாவால் வேலை செய்ய முடியாது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பாக்டீரியா செத்துவிடும். ஒரு நாள் காற்றோட்டமாக வைத்தால் குளோரின் போய்விடும், ஆனால் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) அப்படிப் போகாது. எது கலந்திருக்கிறது என்று ஆராய்வதைவிட, குளோரின் நீக்கும் திரவத்தை அளவாக ஊற்றிவிடுவது சுலபம். சூடு 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். விளக்கு வேண்டாம், போட்டால் பாசிதான் வளரும்.

படி 2: அம்மோனியா போடுதல்

மீன் இல்லாத தொட்டியில் பாக்டீரியாவுக்கு நாம்தான் சாப்பாடு போட வேண்டும். வாசனையோ சோப்போ கலக்காத அம்மோனியா கரைசல் வேண்டும். பாட்டிலைக் குலுக்கிப் பாருங்கள். நுரை நின்றால் அது ஆகாது. நெடி கடுமையாக இருக்கும் என்பதால் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கையாளுங்கள்.

இலக்கு 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம். 10 சதவீதக் கரைசல் என்றால் 50 லிட்டர் தண்ணீருக்கு சுமார் 1 மி.லி. ஒரு சிரிஞ்சில் எடுத்து ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். கொஞ்சம் அதிகம் போட்டால் சீக்கிரம் முடியும் என்று நினைக்க வேண்டாம், அளவு மிஞ்சினால் பாக்டீரியாவே தடுமாறும்.

உடல்நலத்தோடு ஓடும் பழைய தொட்டி யாரிடமாவது இருந்தால் அவர்கள் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கேட்டு வாங்குங்கள். ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். வாரக்கணக்கு பாதியாகக் குறையலாம். அந்தத் தொட்டியில் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும் என்பதால் பார்த்து வாங்குங்கள்.

படி 3: அளப்பதும் காத்திருப்பதும்

இரண்டு நாளுக்கு ஒருமுறை அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். துளி விடும் கிட்தான் நல்லது, காகிதப் பட்டையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. முதல் வாரம் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. என் கிட்டில் அம்மோனியா சோதனைக் குழாய் ஒன்பது நாள் அதே பச்சையாக நின்றது. பத்தாம் நாள் வெளிறியது. அன்றைக்கே நைட்ரைட் குழாயில் ஐந்து துளி விட்டேன். எப்போதும் வான நீலமாக நிற்பது, குலுக்குவதற்குள் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. முதல் கூட்டம் குடியேறிவிட்டது என்று அர்த்தம்.

இனி அம்மோனியா பூஜ்யத்துக்கு இறங்கும்போதெல்லாம் திரும்ப 2 பிபிஎம் போடுங்கள். நைட்ரைட் உச்சத்துக்கு ஏறி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும், பொறுமையைச் சோதிப்பது இந்தக் கட்டம்தான். கிட்டோடு வரும் நிற அட்டையில் உள்ள கடைசி நிறத்தையும் தாண்டிவிட்டால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். நடுவில் தண்ணீர் பால் கலந்தது போல மங்கலாம். அது வேறு பாக்டீரியாக்களின் ஆட்டம், தானே தெளியும்.

எல்லாமே நின்றுபோன மாதிரி இருந்தால் பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) பாருங்கள். இந்த வேலை நடக்க நடக்கத் தண்ணீரின் காரத்தன்மை கரைந்துகொண்டே போகும். பிஎச் 6-க்குக் கீழே போனால் பாக்டீரியா ஏறக்குறைய படுத்துவிடும். கொஞ்சம் தண்ணீர் மாற்றலாம், அல்லது 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றலாம்.

படி 4: மீன் விடுதல்

2 பிபிஎம் அம்மோனியா போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். ஒருநாள் காட்டியதை நம்பாமல் மறுநாளும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அப்புறம், சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்க முக்கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட்டு முதல் சில மீன்களை விடுங்கள். மிச்சத்தை இரண்டு வாரம் கழித்து விடலாம். மீன் வாங்கத் தாமதமானால் அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக அம்மோனியா போட்டுவர வேண்டும்.

ஃபில்டர் அழுக்கானால் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவ வேண்டாம். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் இரண்டு மூன்று முறை அமுக்கிப் பிழிந்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். பிறகும் பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.