பழைய ஹீட்டர் பிளக்கைக் கழற்றும் முன்: வீட்டில் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அபூர்வம். டீசல் இன்ஜின் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்காக ஒவ்வொரு சிலிண்டரையும் உள்ளிருந்து சூடேற்றும் மின்முனைதான் ஹீட்டர் பிளக். நான்கு ஹீட்டர் பிளக்குகளில் இரண்டு செத்துப்போன டீசல் காரும் இங்கே இரண்டு முறை இருமி, வெள்ளைப் புகையைக் கக்கி, எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. உரிமையாளரும் பேட்டரியின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடுகிறார். குளிர்ப் பிரதேசத்தில் முதல் பனியிலேயே காட்டிக்கொடுத்துவிடும் பழுது, நம் ஊரில் பிளக்கைச் சுற்றிக் கரியும் துருவும் இறுகும்வரை மறைந்தே கிடக்கிறது. ஆகவே, கடைசியில் ஒருவர் ஸ்பேனரை எடுக்கும்போது அவருக்கு எதிரே இருப்பது வெகுகாலம் யாருமே தொடாத பிளக் என்பதை அவர் முதலில் உணர வேண்டும்.

சோதிக்காமல் வாங்குவது

நான்கு பிளக்குகளும் ஒரே நாளில் சாவதில்லை. நான்குமே சூடாகவில்லை என்றால் ஃபியூஸையோ, பிளக்குகளுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிளக்கின் மேல் இணைப்பைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை அதன் டெர்மினலிலும் மறுமுனையை இன்ஜின் உடலிலும் வைத்துப் பாருங்கள். நல்ல பிளக் பெரும்பாலும் ஒரு ஓம் அளவில் அல்லது அதற்கும் குறைவாகக் காட்டும். மீட்டர் எதையுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

குளிர்ந்த இன்ஜினில் பலத்தைக் காட்டுவது

இந்த ஒரு தவறைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு இன்றும் எரிச்சல் அடங்குவதில்லை. கொளத்தூரில் எங்கள் தெருவில் ஓர் இளைஞர், கை சுடக் கூடாது என்பதற்காகவே ஞாயிறு விடியற்காலையில், இரவு முழுவதும் குளிர்ந்திருந்த இன்ஜினில் வேலையைத் தொடங்கினார். மூன்றாவது பிளக் அசையவில்லை என்றதும் ராட்செட்டின் கைப்பிடியில் ஒரு பைப்பைச் செருகி இழுத்தார். சற்று நேரத்தில் மகிழ்ச்சியோடு, "அண்ணே, லூஸ் ஆயிடுச்சு" என்றார். லூஸ் ஆகவில்லை, முறுகிக்கொண்டிருந்தது. அடுத்த இழுப்பில் சாக்கெட்டுக்குள் பிளக்கின் அறுகோணத் தலை மட்டும் வந்தது, அதன் அடியில் உடைந்த விளிம்பு புதிதாக வெட்டிய இரும்பைப்போல் பளபளத்தது. மரையும் கம்பியும் இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன. அவருடைய அலமாரியில் துரு இளக்கும் ஸ்பிரே முத்திரைகூடப் பிரிக்காமல் இருந்தது என்பதுதான் என்னை மேலும் கடுப்பேற்றியது.

பிளக்கின் உடல் திடமான போல்ட் அல்ல. உள்ளே கம்பி செல்வதற்காகக் குடையப்பட்ட மெல்லிய குழாய். கழற்றும்போது எட்டு மில்லிமீட்டர் மரைக்குச் சுமார் 20 நியூட்டன் மீட்டர் (திருகும் விசையின் அளவு), பத்து மில்லிமீட்டர் மரைக்குச் சுமார் 35 நியூட்டன் மீட்டர் என்பதே பிளக் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் எல்லை. பைப் செருகிய கைப்பிடிக்கு இந்த எல்லை தெரியாது. இந்த விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கும்போது, கழற்றும் திசையிலும் அது வேலை செய்யுமா என்று கேட்டு வாங்குங்கள். பல மலிவான ரெஞ்சுகள் இறுக்கும் திசையில் மட்டுமே அளவு காட்டும்.

முந்தைய இரவே பிளக் குழிகளில் ஏர் அடித்துத் தூசியை வெளியேற்றி, ஸ்பிரேயை ஊற வைக்க வேண்டும். மறுநாள் காரை நன்றாக ஓட்டிவிட்டு வந்து, இன்ஜின் சூடாக இருக்கும்போதே, கையுறை அணிந்து கழற்ற வேண்டும். அலுமினிய ஹெட் எஃகுப் பிளக்கைவிட அதிகமாக விரிவதால் பிடி தளர்கிறது. கால் சுற்று தளர்ந்தால் மீண்டும் சிறிது இறுக்கி, மறுபடியும் தளர்த்தி, முன்னும் பின்னுமாகக் கரியை உடைத்துக்கொண்டே வர வேண்டும். எல்லையைத் தொட்டும் அசையவில்லை என்றால் அன்றைக்கு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, மீண்டும் ஸ்பிரே அடித்து, காரை இன்னும் சில நாள் ஓட்டுங்கள். சென்னை வெயிலில் ஒரு பிளக் வேலை செய்யாமலும் அது ஓடும், இத்தனை காலமும் அப்படித்தானே ஓடியது.

உடைந்துவிட்டால், வழிகாட்டிக் குழாய் உள்ள தனிக் கருவியால் துளையிட்டு எடுக்கத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். துளைப்பான் சறுக்கினால் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். ஹெட் கேஸ்கெட், லேத் பட்டறைக் கூலி, டைமிங் வேலை என்று செலவு பிளக்கின் விலையைப்போலப் பல மடங்காகும்.

வோல்ட்டைப் பார்க்காமல் வாங்குவது

சென்னையில் வாகன உதிரிபாகங்கள் விற்கும் ஜி.பி. ரோட்டுக் கடையில் பழைய பிளக்கைக் காட்டி, "இதே மாதிரி கொடுங்கள்" என்று கேட்பது போதாது. நீளமும் மரையும் ஒன்றாகவே இருக்கும், ஆனால் ஒன்று 11 வோல்ட்டுக்கும் மற்றொன்று 4.4 அல்லது 7 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டதாக இருக்கலாம். பாகத்தின் எண்ணைக் காருக்கு ஒப்பிட்டு வாங்குங்கள். குறைந்த வோல்ட் பிளக்கை நேரே 12 வோல்ட் பேட்டரியில் தொட்டுச் சிவக்கிறதா என்று சோதித்தால், புதியதே சில நொடிகளில் கருகிவிடும்.

கீழே விழுந்த செராமிக் பிளக்

போடாதீர்கள். பீங்கான் போன்ற அதன் முனையில் விழுந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

கரியோடு செருகி, பலமாக இறுக்குவது

துளையில் கரி இருந்தால் புதிய பிளக் ஒழுங்காக உட்காராது. அதற்கென்று விற்கும், துளையைச் சுரண்டும் கருவியான ரீமரில் கிரீஸ் தடவி, கையால் சுற்றி, கரியை கிரீஸோடு வெளியே எடுங்கள். பிறகு முதல் மரைகளை விரலாலேயே ஏற்றி, எட்டு மில்லிமீட்டருக்குச் சுமார் 10, பத்து மில்லிமீட்டருக்குச் சுமார் 15 நியூட்டன் மீட்டர் இறுக்கினால் போதும்; கார் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். அதிகம் இறுக்கினால் வெப்பக் குழாய்க்கும் உடலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி நெரிந்து, பிளக் சூடு தாங்காமல் சீக்கிரம் போய்விடும்.

டெர்மினல் நட்டு

அதை இறுக்க இரண்டு விரல் பலம்தான்.

பழைய பிளக்குகளைக் கலந்து போடுவது

கழற்றியவுடன் எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றிலும் எண் எழுதி வையுங்கள். முனை வெறுமனே கறுத்திருந்தால் கவலையில்லை. ஒன்றின் முனை மட்டும் உருகியோ அரிக்கப்பட்டோ இருந்தால், அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் டீசலைச் சரியாகத் தெளிக்காமல் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அதைக் கவனிக்காமல் மாட்டிய புதிய பிளக்குக்கும் அதே கதிதான். அந்தப் பிளக்கை எண்ணோடு கொண்டுபோய் இன்ஜெக்டர் பட்டறையில் காட்டுங்கள். எதை முதலில் கழற்றுவது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.