வளர்ப்பு மீனைப் பார்சலில் அனுப்புவது எப்படி? பட்டினி போடுவதிலிருந்து கவர் பிரிப்பது வரை

கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு நாலு ஜோடி கப்பி மீன் அனுப்புகிறவர்கூட முதலில் கேட்பது ஆக்சிஜன் போதுமா என்பதைத்தான். ஒழுங்காகக் கட்டிய பிளாஸ்டிக் கவரில் ஒரு ராத்திரிப் பயணத்துக்கு ஆக்சிஜன் தாராளமாகப் போதும். மீன் சாவது பெரும்பாலும் அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவால். அதுவும் பல சமயம் வழியில் அல்ல, போய்ச் சேர்ந்து கவரைப் பிரித்த பிறகு. கீழே சொல்லும் வேலைகளில் பாதி இதற்காகத்தான்.

பட்டினி போடுங்கள்

கப்பி, மோலி என்றால் 24 மணி நேரம். கோல்டு ஃபிஷ், கோய் என்றால் 48 மணி நேரம். வயிறு காலியானால்தான் கவருக்குள் கழிவு குறையும். பாவமாக இருக்கிறதே என்று கிளம்பும் முன் ஒரு சிட்டிகை தீனி போடாதீர்கள். மணல், செடி எதுவும் இல்லாத தனித் தொட்டியில் ஏர் பம்ப் ஓடவிட்டு வையுங்கள். செடி இருந்தால் அதைக் கொறித்துக்கொண்டிருக்கும். குட்டி போடும் நிலையில் இருக்கும் கப்பியை அனுப்பவே வேண்டாம்.

தண்ணீர்

டெல்டாவில் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். குளோரின் தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் மோட்டார் போட்டு அப்போதே பிடித்த போர் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, கார்பன் டை ஆக்சைடு அதிகம். முதல் நாள் டிரம்மில் பிடித்து ராத்திரி முழுக்கக் காற்று ஓட்டினால் சரியாகிவிடும். கொள்ளிடத்துக் குழாய்த் தண்ணீர் வருகிற வீடுகளில் குளோரின் போக இதே வேலை, அல்லது கடையில் கிடைக்கும், குளோரினை முறிக்கும் ஹைப்போ. தொட்டியின் பழைய தண்ணீரையே அள்ளிக் கட்டாதீர்கள், அதில் கழிவு ஏற்கெனவே இருக்கிறது. மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தை ஊற்றுகிறவர்கள் உண்டு. ஒரு ராத்திரிப் பயணத்துக்கு நான் ஊற்றுவதில்லை. லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு போதும்.

கட்டுவது

ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். மீனையும் தண்ணீரையும் விட்டதும் கவரை அமுக்கி உள்ளே இருக்கும் சாதாரணக் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். அப்புறம்தான் டியூப் விட்டு சிலிண்டரிலிருந்து ஆக்சிஜனை நிரப்ப வேண்டும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். அதை வெளியேற்றாமல் மேலே நிரப்பினால் பாதிப் பயன் போய்விடும். கழுத்தை இறுக்கி முறுக்கி, மடக்கி, ரப்பர் பேண்டை மடிப்பின் மேலும் கீழும் சுற்றுங்கள். இந்தக் கவரைத் தலைகீழாக இன்னொரு கவரில் போட்டு, அடி மூலைகளை மடித்து டேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் சின்ன மீன் மூலையில் சிக்கி நசுங்கும். கெளுத்தி வகைக்கு முள் இருப்பதால் இரண்டு கவருக்கும் நடுவில் செய்தித்தாள் வையுங்கள்.

சொந்த சிலிண்டர் வாங்க அவசரப்படாதீர்கள். மாதம் ஓரிரு பெட்டிதான் என்றால் ஊரில் இருக்கும் மீன் கடையில் காசு கொடுத்து நிரப்பிக்கொள்வதே மேல். வாங்கியே தீருவேன் என்றால் ரெகுலேட்டரில் எண்ணெய், கிரீஸ் படக்கூடாது. பக்கத்தில் பீடி, ஊதுபத்தி கூடாது.

ஃபைட்டர் மீனுக்கு சிலிண்டர் ஆக்சிஜனே வேண்டாம். அது மேலே வந்து காற்றை விழுங்கும் மீன். கவருக்கு ஒன்று, சாதாரணக் காற்று, அவ்வளவுதான்.

பெட்டி, வண்டி

தெர்மாகோல் பெட்டிதான். வெறும் அட்டைப்பெட்டி சித்திரை வெயிலுக்குத் தாங்காது. கவர்களைப் படுக்கை வாட்டில் அடுக்குங்கள். தண்ணீர் பரப்பு அகலமானால் ஆக்சிஜன் நன்றாகக் கரையும். கோடையில் ஐஸ் பாட்டில் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி மேலே வையுங்கள், குளிர் கீழே இறங்கும். பாட்டில் கவரை நேரடியாகத் தொடக்கூடாது.

ராத்திரி வண்டிதான் நல்லது. தஞ்சாவூரிலிருந்து உழவன், மன்னார்குடியிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸ், இரண்டும் காலையில் சென்னை. வழியில் சின்ன ஸ்டேஷனில் ஏற்ற நினைக்காதீர்கள், வண்டி நிற்பது ஓரிரு நிமிடம். ஆம்னி பஸ் என்றால் எஞ்சின் பக்கத்து டிக்கியில் வைக்க விடாதீர்கள். சனிக்கிழமை ராத்திரி அனுப்பி ஞாயிறன்று எடுக்க ஆளில்லாமல் கிடப்பதும் வேண்டாம்.

பிரிப்பது

இந்த இடம்தான் எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்தது. மீன் உயிரோடு போய்ச் சேரும். வாங்கினவர் பொறுப்பாகக் கவரைத் திறந்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மணி நேரம் கலந்து விடுவார். மறுநாள் காலையில் மீன் மிதக்கும்.

காரணம் இதுதான். மூடிய கவரில் மீன் விடும் கார்பன் டை ஆக்சைடு சேரச் சேரத் தண்ணீரின் அமிலத்தன்மை கூடும், அதாவது பி.எச். அளவு இறங்கும். பி.எச். குறைவாக இருக்கும்வரை அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமாகவே இருக்கும், மீனுக்கு அவ்வளவு ஆபத்தில்லை. கவரைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி பி.எச். ஏறுகிறது. 25 டிகிரியில் பி.எச். 7-ல் சுமார் அரை சதவீதம்தான் விஷ அம்மோனியா; 8-ல் சுமார் 5 சதவீதம். பத்து மடங்கு! அந்தத் தண்ணீரில் மீனை ஒரு மணி நேரம் நிறுத்தி வைப்பது எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

எனவே ராத்திரி முழுக்கப் பயணம் செய்த மீன் என்றால்: விளக்கை அணையுங்கள். மூடிய கவரையே தொட்டியில் 15–20 நிமிடம் மிதக்க விடுங்கள், வெப்பம் சமமாகட்டும். பிறகு திறந்த உடனே வலையால் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். கவர் தண்ணீர் சாக்கடைக்கு. திறந்த கவரில் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போடவே கூடாது, அது வாயுவை இன்னும் வேகமாக விரட்டும். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் என்று ஓரிரு மணி நேரப் பயணமானால் பழைய முறையில் மெதுவாகக் கலந்தே விடலாம்.

பிறகு சேர்த்தது

வேதாரண்யம் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்டார்: எங்கள் போர் உப்பு, வாங்குகிறவர் ஆர்.ஓ. தண்ணீர் வைத்திருக்கிறார், சட்டென்று மாற்றலாமா? கூடாது. உங்கள் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, எத்தனை என்று முதல் நாளே வாட்ஸப்பில் சொல்லுங்கள். அவர் ஒரு டப்பில் ஏறக்குறைய அதே அளவுக்குத் தண்ணீர் தயார் செய்து, மீனை அதில் விட்டு, இரண்டு மூன்று நாளில் மெல்ல மாற்றிக்கொள்ளட்டும். இதற்கு டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பி.எச். காகிதத்தை விட எனக்கு அது உபயோகம்.

வண்டி தாமதமானால் நடுவழியில் பிரித்துப் பார்க்கலாமா என்று இன்னொருவர். வேண்டாம், மேலே சொன்ன அதே காரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பார்சல் நடைமேடையில் நனைந்து கிடக்கும். தெர்மாகோல் பெட்டியைப் பிளாஸ்டிக் அரிசிச் சாக்கில் போட்டுத் தைத்துவிடுங்கள். வந்து சேர்ந்த அன்று தீனி கிடையாது, மறுநாள் கொஞ்சமாக.