வெள்ள முகாமில் குழந்தைகளுக்கான குடிநீர்: குளோரின் கலப்பது முதல் ஓஆர்எஸ் கரைப்பது வரை

வெள்ளம் வடிந்தபின் முகாமில் குழந்தைகளுக்குப் பெரிய ஆபத்து வயிற்றுப்போக்கு. லாரியில் வந்து இறங்கும் தண்ணீர் சுத்தமாகவே இருக்கலாம். யாரோ ஒருவர் வாளிக்குள் டம்ளரோடு கையை விட்டதும் கெட்டுவிடும். அதனால் குழந்தையின் வாய்க்குப் போகும் கடைசி டம்ளர் வரை கவனம் வேண்டும்.

1. தெளியவிடுங்கள்

கலங்கல் நீரில் குளோரின் ஊற்றினால் சேறும் அழுக்குமே அதைத் தின்றுவிடும், கிருமிக்கு மிஞ்சாது. பேரலில் ஓர் இரவு அசையாமல் வைத்து, மேல் தெளிவை மட்டும் நான்காக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். டீசல், பூச்சிமருந்து வாடை அடித்தால் அந்த நீர் குடிக்க வேண்டாம். குளோரினோ கொதிக்க வைப்பதோ அதைச் சரிசெய்யாது.

2. தாய்க்கரைசல்

குடிநீரில் சிறிது சிறிதாகச் சேர்க்கும் அடர்ந்த குளோரின் கரைசல்தான் தாய்க்கரைசல். 30 சதவீத குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 33 கிராம் எடுத்து, பிளாஸ்டிக் பாத்திரத்தில் சிறிது நீர் விட்டுக் கூழாக்கி, மொத்தம் 1 லிட்டர் வரும்படி நீர் சேர்த்துக் கலக்குங்கள். வண்டல் அடியில் தங்கியபின் மேலே நிற்கும் தெளிவுதான் ஒரு சதவீத குளோரின் கரைசல். மூடி, வெயில் படாமல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கழிப்பறை ஆசிட்டோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்; இரண்டையும் பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

3. நான்கு வாளிச் சோதனை

தாய்க்கரைசலை எவ்வளவு ஊற்றுவது என்று கண்டுபிடிக்கும் சோதனை இது. அவசரத்தில் பலரும் விடுவது இதைத்தான். திறந்து கிடந்த, ஈரம் பட்ட பவுடரின் வீரியம் குறைந்திருக்கும்; பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதை நம்ப முடியாது. நான்கு 20 லிட்டர் வாளிகளில் தெளிந்த நீரை நிரப்பி, ஊசியில்லாத சிரிஞ்சால் 2, 3, 4, 5 மி.லி. கரைசலை முறையே விட்டுக் கலக்கி மூடுங்கள். 30 நிமிடம் கழித்து குளோரின் சோதனைப் பெட்டியால் பாருங்கள். லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மி.கி. வரை குளோரின் மீதமுள்ள வாளி எதுவோ, அதன் அளவே உங்கள் அளவு. நான்கிலும் நிறம் வராவிட்டால் கரைசலைக் கூட்டி மறுபடி பாருங்கள். நீர் எடுக்கும் இடம் மாறினாலும் மழை பெய்தாலும் திரும்பச் செய்ய வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் ஊற்றினால் நல்லதுதானே" என்பது தவறு. நெடி கூடினால் பிள்ளைகள் குடிக்க மாட்டார்கள். பக்கத்துக் குட்டைக்குப் போவார்கள்.

குளோரின் இல்லையா? கொதி நன்றாகப் பொங்கியபின் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள், மூடியபடியே ஆறட்டும்.

4. சேமிப்பு

குழாய் வைத்த மூடிய பாத்திரம் சிறந்தது. இல்லாவிட்டால் நீளக் கைப்பிடி கரண்டி, அதைத் தொங்கவிட ஒரு ஆணி. கழிப்பறை வாசலில் சோப்பும் தண்ணீரும் இருக்க வேண்டும்.

5. வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்

ஓஆர்எஸ் (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலத்தில் எத்தனை மி.லி. என்று அச்சிட்டிருக்கிறதோ, அத்தனை நீரில் முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரையுங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு கூடிக் குழந்தைக்கு ஆபத்து. பொட்டலம் கிடைக்காதபோது 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தேக்கரண்டி மேல் குவியலைக் கத்தியின் முதுகால் வழித்துவிட்டு அளக்க வேண்டும். ருசி பாருங்கள்: கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

ஒவ்வொரு முறை போனபின்னும் இந்தக் கரைசலை 2 வயதுக்குள் 50–100 மி.லி., அதற்கு மேல் 100–200 மி.லி. கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. நன்கொடையாக வரும் பால்பவுடரை எல்லாத் தாய்மாருக்கும் பொதுவாக வழங்காதீர்கள். அதைக் கரைக்கும் நீரும் புட்டியும்தான் நோய்க்கு வழி. சுகாதாரப் பணியாளர் சொன்னால் துத்தநாக மாத்திரையை 10 முதல் 14 நாள் வரை முழுமையாகக் கொடுங்கள். போக்கு நின்றதும் பாதியில் விடுகிறவர்கள் அதிகம்.

கண் குழிதல், குடிக்க முடியாமை, எழுப்பினாலும் துவண்டு கிடத்தல், மலத்தில் ரத்தம், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புதல்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் கொண்டு போங்கள். குடிக்க முடிகிற குழந்தைக்கு வழியெல்லாம் கரண்டியால் ஓஆர்எஸ் புகட்டிக்கொண்டே போங்கள்.