வயிற்றால் இறங்கிய ஸ்பிட்ஃபயர்: விபத்து விமான மாடல் செய்முறை

விழுந்த விமானத்தை மாடலாகச் செய்ய, அது எப்படி விழுந்தது என்பது முதலில் தெரிய வேண்டும். எந்தக் கோணத்தில் வந்தது, இன்ஜின் ஓடியதா, நின்றுவிட்டதா? இதைத் தீர்மானித்த பிறகே கத்தியை எடுங்கள். கண்ட இடத்தில் உடைத்தால் பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

நான் எடுத்துக்கொண்டது பி9374 என்ற ஸ்பிட்ஃபயர் மார்க் 1, இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானம். 1940 மே 24 அன்று விமானி பீட்டர் கேஸனோவ் இதைப் பிரான்சின் கலே கடற்கரையில் சக்கரங்களை இறக்காமல் வயிற்றால் இறக்கினார். மணல் விழுங்கிய விமானம் 1980-ல்தான் மறுபடி தலைகாட்டியது. சீரமைத்த பின் 2011-ல் பறக்கவும் செய்தது!

1/48 கிட் போதும், அதாவது நிஜத்தில் 48-ல் ஒரு பங்கு அளவில் செய்ய உதவும் பிளாஸ்டிக் பாகங்களின் தொகுப்பு. உடலையும் இறக்கைகளையும் வழக்கம்போல ஒட்டி, சக்கரக் கதவுகளை மூடிவிடுங்கள். வலது இறக்கையின் அடியில் ரேடியேட்டரும் இடது பக்கம் ஆயில் கூலரும் இருக்கும். இரண்டும் மணலில் முதலில் மோதுபவை, அதனால் தாராளமாக நசுக்கலாம். காக்பிட் மூடியைப் பின்னால் தள்ளி, இடப்பக்கக் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். அவசரமாக இறங்கும் விமானி அப்படித்தான் செய்வார்.

கிழிந்த தகட்டுக்கு கிட் பிளாஸ்டிக் உதவாது. 1 மி.மீ. பிளாஸ்டிக் இந்த அளவில் 48 மி.மீ. தடிமனான தகடு! சமையலறை அலுமினியத் தாளோ ஏறக்குறைய நிஜத் தகட்டின் கனத்துக்கே வந்துவிடும். கிழிசல் வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக்கை உள்பக்கமாகச் சுரண்டி, வெட்டி எடுத்துவிட்டு, தாளை ஒட்டிக் கசக்குங்கள். சுரண்டுவதற்குச் சுழலும் மின்கருவி வேண்டாம், அதன் சூட்டில் பிளாஸ்டிக் உருகும். வளைந்த முனைக் கத்திதான் என் தேர்வு.

அப்புறம் புரொப்பெல்லர். இங்கேதான் நிதானம் தேவை. இன்ஜின் வேகமாகச் சுழலும்போது தரையில் பட்டால் பிளேடு முனைகள் முன்பக்கம் சுருளும். சக்தி குறைந்திருந்தால் பின்பக்கம் மடங்கும். முற்றிலும் நின்றிருந்தால் கீழே இருந்த பிளேடு மட்டும் வளையும், மேலே இருந்தது நேராகவே நிற்கும். இதெல்லாம் உலோக பிளேடுக்குத்தான். அந்தக் காலத்து ஸ்பிட்ஃபயர்கள் சிலவற்றில் இருந்த மர பிளேடு வளையாது, சிம்பு சிம்பாக முறியும். மூன்று பிளேடையும் ஒரே மாதிரி வளைத்து வைப்பதைவிட, இதில் எது நடந்தது என்று யோசித்து வளைத்தால் மாடலுக்கு உயிர் வந்துவிடும்.

வளைக்க மெழுகுவர்த்தி வேண்டாம். கொதிக்கும் நீரில் பிளேடை முக்கி, உருண்டை மூக்குக் குறடால் கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள். தட்டை மூக்குக் குறடு பல் பதித்துவிடும். கையுறை அவசியம்.

மணலுக்கு நிஜ மணல் சரிப்படாது. கால் மி.மீ. துகள்கூட இங்கே 12 மி.மீ. கூழாங்கல். டைல்ஸ் இடுக்கில் பூசும் கிரவுட் பொடியை, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசைமேல் தூவுங்கள். பசை காயும் முன்பே விமானத்தை அழுத்திப் பதியுங்கள். பின்னால் சறுக்கிய தடமும், மூக்கின் முன் குவிந்த மணலும் வேண்டும்.

பிற்சேர்க்கை: அலுமினியத் தாளில் பெயின்ட் உரிகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். தாளை ஒட்டியதும் ஆல்கஹாலால் துடைத்து, உலோகத்துக்கான பிரைமர் மெல்லிசாக அடித்து, ஒருநாள் காயவிடுங்கள். கசக்குவதை பிரைமருக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.