ஹோஹோபாவை விதையிலிருந்து வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலைவனச் செடி என்றாலே விதைத்தோல் கல் போல இருக்கும், கொதிநீரில் போட வேண்டும், உப்புத்தாளில் தேய்க்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. வேல மரங்களுக்கு அது சரிதான். அரிசோனா, தெற்கு கலிபோர்னியா, வடமேற்கு மெக்சிகோ வரை விரிந்த சொனோரன் பாலைவனத்தின், எண்ணெய்க்காக வளர்க்கப்படும் புதர்ச்செடியான ஹோஹோபாவிடம் அதைச் செய்யாதீர்கள். இதன் விதைத்தோல் மெல்லியது, உறக்கநிலையும் கிடையாது. கொதிநீர் பட்டால் கரு வெந்துவிடும். 25 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெதுவெதுப்பும் மிதமான ஈரமும் இருந்தால் தானாக முளைக்கும். குளிர்ந்த மண்ணில் ஊன்றினால் அழுகிப்போகத்தான் வாய்ப்பு அதிகம்.

பல கன்றுகள் சாவது மண்ணைக் கிளறுவதாலும் ஆழமில்லாத தொட்டியாலும். விதையை 2 அல்லது 3 செ.மீ. ஆழத்தில் ஊன்றிவிட்டு, மேலே ஒன்றும் தெரியவில்லையே என்று கிளறிப் பார்க்கிறார்கள். தளிர் தலைகாட்டும் முன்பே ஆணிவேர் வெகுதூரம் கீழே போயிருக்கும், கிளறினால் முறியும். விதையில் ஏறக்குறைய பாதி எடை திரவ மெழுகு. அந்தச் சேமிப்பை வைத்துக்கொண்டுதான், இலை விடாமலேயே அது வேரை இறக்குகிறது. ஆழமில்லாத தட்டில் முளைக்கவிட்டால் வேர் அடியில் முட்டிச் சுருண்டுகொள்ளும். பிறகு எவ்வளவு கவனமாக மாற்றி நட்டாலும் செடி தேறுவது கடினம். குறைந்தது ஓரடி ஆழமுள்ள, அடி திறந்த குழாயோ பையோ வேண்டும். முடிந்தால் நிலத்திலேயே நேரடியாக விதைப்பது மேல். எலிகளிடமிருந்து காக்கக் கம்பிவலை போடுங்கள்.

தண்ணீர் அடுத்த ஆபத்து. களிமண்ணில் தினமும் ஊற்றினால் வேரழுகல் பூஞ்சை வந்துவிடும். மணற்பாங்கான, நீர் வடியும் மண் போதும். தொட்டி மண் மேலே காய்ந்த பிறகு ஆழமாக ஊற்றுங்கள். உறைபனி இளங்கன்றைக் கொன்றுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரே ஒரு செடியை வளர்த்துவிட்டுக் காய்க்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஹோஹோபாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. விதையையோ கன்றையோ பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. விதைத்தவற்றில் ஏறத்தாழ பாதி ஆணாகவே இருக்கும். எனவே கூடுதலாக விதைத்து, மூன்று நான்கு ஆண்டுகளில் பூக்கும்போது தேவைக்கு மிஞ்சிய ஆண்களை எடுத்துவிடலாம். மஞ்சள் நிறத்தில் கொத்தாகப் பூத்தால் ஆண். வெளிறிய பச்சையில் பெரும்பாலும் தனித்தனியாகத் தொங்கினால் பெண். மகரந்தத்தைக் காற்றே சுமப்பதால் தேனீயைத் தேட வேண்டியதில்லை. ஆண் செடி காற்று வரும் திசையில் இருந்தால் போதும்.