டம்ளர் அளவைக் கிராமாக மாற்றுவது எப்படி?

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, இராயபுரம் பக்கத்து மளிகைக் கடைகளில் அரிசியையும் பருப்பையும் கிலோக் கணக்கில் வாங்குகிறோம்; வீட்டுக்கு வந்ததும் அவற்றை டம்ளரிலோ ஆழாக்கிலோ அளக்கிறோம். சமையல் குறிப்பு கிராமில் இருந்து, கையில் டம்ளர் மட்டுமே இருந்தால், பொதுவான அட்டவணை எதையும் நம்பாமல் உங்கள் டம்ளருக்கென்றே ஒரு கணக்கைப் போட்டுக்கொள்வதுதான் சரியான வழி. அமெரிக்கக் குறிப்புகளில் வரும் கப் சுமார் 237 மில்லி, மெட்ரிக் கப் 250 மில்லி, ரைஸ் குக்கருடன் தரப்படும் கப் பெரும்பாலும் 180 மில்லி என்றிருக்க, 'ஒரு கப்' என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் அளக்க முடியாது.

முதலில் டம்ளரின் கொள்ளளவைக் கண்டுபிடியுங்கள். வீட்டில் எடை மெஷின் இருந்தால், டம்ளரை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பி நிறுத்து, வெறும் டம்ளரின் எடையைக் கழித்துவிட வேண்டும். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம் என்பதால், மீதியாக வரும் எண்ணே கொள்ளளவு. மெஷின் இல்லாவிட்டால் அரை லிட்டர் பால் பாக்கெட் போதும்: அது டம்ளரை இரண்டரை முறை நிரப்பினால், உங்கள் டம்ளர் 200 மில்லி.

அடுத்து, பிரிக்காத ஒரு கிலோ பாக்கெட்டை எடுத்து, டம்ளரில் தலை தட்டி அளந்து, எத்தனை டம்ளர் வருகிறது என்று எண்ணி, 1000-ஐ அந்த எண்ணால் வகுத்தால், அந்தப் பொருளில் ஒரு டம்ளரின் எடை கிடைத்துவிடும். 200 மில்லி டம்ளரில் சர்க்கரையும் பச்சரிசியும் ஏறக்குறைய ஆறு டம்ளர் வரும், அதாவது டம்ளருக்குச் சுமார் 165 முதல் 170 கிராம். அந்த எண்ணைச் சம்புடத்தின் மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

இந்தக் கணக்கு மிகவும் கைகொடுப்பது பிரியாணியில்தான். நம் பக்கத்தில் விசேஷத்துக்குப் பிரியாணி என்றாலே 'எத்தனை கிலோ?' என்றுதான் கேட்பார்கள். ஆனால் தண்ணீர் ஊற்றுவது கன அளவில். ஊறவைத்த பாசுமதிக்கு ஒன்றுக்கு ஒன்றரை என்று வைத்தால், ஒரு கிலோ அரிசி ஆறு டம்ளர் என்பதால், ஒன்பது டம்ளர், அதாவது 1.8 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு கிலோவை ஒரு லிட்டர் என்று நினைத்துக்கொண்டால் ஒன்றரை லிட்டர்தான் ஊற்றுவோம். 300 மில்லி குறைந்து, சாதம் விதை விதையாக நின்றுவிடும். தயிர், தக்காளி, கறி விடும் நீரையும் இந்தக் கணக்கில் கழிக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் சுமார் 910 கிராம். சில்லறை எண்ணெயை ஒரு கடையில் கிலோவுக்கும் இன்னொரு கடையில் லிட்டருக்கும் விலை சொன்னால், லிட்டர் விலையை 0.91-ஆல் வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும்.

மாவு வகைகளில் டம்ளரை நம்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதே டம்ளரில் சலித்துத் தளர்வாகப் போட்ட மைதா 100 கிராமை ஒட்டியும், அழுத்தி நிரப்பிய மைதா 125 கிராமைத் தாண்டியும் இருக்கும். கேக்குக்கு இந்த வித்தியாசம் மிக அதிகம். அளந்தே ஆக வேண்டுமென்றால், கரண்டியால் மெதுவாக அள்ளிப் போட்டு, டம்ளரைத் தட்டாமல், கத்தியின் முதுகால் மேல்மட்டத்தை வழித்துவிடுங்கள்.

உப்பில் தூள் உப்பு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, சுமார் 6 கிராம். கல் உப்பில் பரல்களுக்கிடையே இடைவெளி இருப்பதால் அதே ஸ்பூனில் எடை குறையும். கடற்காற்றின் ஈரத்தில் கசிந்த உப்பாக இருந்தால் அந்தக் கணக்கும் மாறும். ஆகவே தூள் உப்புக்கு எழுதிய குறிப்பில் கல் உப்பைப் போடும்போது, முதலில் அதே ஸ்பூன் அளவு போட்டுக் கரைந்த பின் ருசி பார்த்து, தேவையானதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.